எடுரோம்: இணைப்புக்குக் குறையில்லை, பூட்டுக்கும் குறையில்லை

சிங்கப்பூரில் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பணியில் சேரவிருக்கும் நண்பர், வளாகக் கம்பியில்லா இணையத்தை நம்பலாமா, கைத்தொலைபேசிக்குக் கூடுதல் தரவுத் திட்டம் வாங்க வேண்டுமா என்று கேட்டார். உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை சேவையான எடுரோமைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அதன் வேகத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்துக்குச் சென்றாலும் கருத்தரங்குக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்றாலும், பையிலிருக்கும் கருவி தானாகவே இணைந்துவிடும். எங்கிருந்து இணைந்தாலும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது நம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வர் என்பதால் இது சாத்தியமாகிறது.

தொல்லைக்கும் அதுவே காரணம். எங்கள் வளாகத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீரவேண்டும். மாற்றிய பிறகு, இழுப்பறையில் கிடக்கும் ஐபேட் பழைய கடவுச்சொல்லையே விடாமல் அனுப்ப, சர்வர் அதைத் திருட்டு முயற்சியாகக் கருதிக் கணக்கைப் பூட்டிவிடும். மின்னஞ்சலும் பாடத்தளமும் அதே கணக்கில் இயங்குவதால், மாணவர்கள் காத்திருக்க விரிவுரைக் கோப்பைக்கூடத் திறக்க இயலாது. சற்று நேரத்தில் பூட்டு தானாகத் திறக்கும். ஐபேட் மறுபடியும் பூட்ட வைக்கும். வேறொரு வளாகத்தில் படிக்கும் மகளுக்குக் கொடுத்த பழைய கைத்தொலைபேசியில் உங்கள் கணக்கு எஞ்சியிருந்தால், அது அங்கிருந்தபடியே உங்களைப் பூட்டும். உதவி மையத்தினரோ, பெரிய எழுத்து விசை அழுத்தியிருக்கிறதா என்று மிகுந்த பணிவுடன் விசாரிப்பார்கள்.

மோசடி மின்னஞ்சல்கள் மலிந்த காலத்தில் பூட்டே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால், காரணமின்றிக் காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017இலேயே வழிகாட்டிவிட்டது. கடவுச்சொல்லைத் தொடர்ந்து தவறாக இடுவதற்கு அது விதித்த உச்சவரம்பு 100. மைக்ரோசாஃப்ட்டும் 2019இல் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து கடவுச்சொல் காலாவதி விதியை நீக்கியது. எங்கள் வளாகத்திலோ கணக்கு பூட்டப்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சில தவறுகளே போதும். ஒவ்வொரு கருவிக்கும் அதை அடையாளம் காட்டும் தனி மின்னணுச் சான்றிதழ் வழங்கினால் வைஃபைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது என்பது இதை நிர்வகிப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

எனவே நண்பரே, நான் பார்த்த வளாக இணையங்களில் இதுவே சிறந்தது என்றாலும், கூடுதல் தரவுத் திட்டத்தை வாங்கிவிடுங்கள்; எடுரோமை ஒரே ஒரு மடிக்கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.