சுவீடனின் பெற்றோர் காப்பீடு: பெண்களின் பதவி உயர்வை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தாய்மார்களுக்கு மட்டும் வழங்கிவந்த மகப்பேறு உதவித்தொகையை நிறுத்திவிட்டு, தாய், தந்தை இருவருக்கும் உரிய பெற்றோர் காப்பீட்டை 1974-இல் உலகிலேயே முதலாவதாகக் கொண்டுவந்த நாடு சுவீடன். குழந்தை பெற்ற பெண் வேலையில் நீடித்து ஆணுக்கு நிகராக உயர வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், இந்தச் சேவையை அந்த நோக்கத்தைக் கொண்டே எடைபோடுவதுதான் நியாயம்.

முதலில் நிறைகள். ஒரு குழந்தைக்கு 480 நாள்கள். அவற்றில் 390 நாள்களுக்கு ஊதியத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடும், மீதி 90 நாள்களுக்கு நாளொன்றுக்கு 180 குரோனரும் (சுவீடனின் நாணயம்) கிடைக்கும். இத்திட்டத்தை நடத்தும் ஃபோர்சேக்ரிங்ஸ்கஸன் என்ற அரசு முகமையின் கைப்பேசிச் செயலியில் பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளத்தின் மூலம் நுழைந்து, முழு நாளாகவோ, முக்கால், அரை, கால், அரைக்கால் நாளாகவோ விண்ணப்பிக்கலாம். குழந்தையைக் காலையில் விட்டுவிட்டுப் பிற்பகலில் சீக்கிரம் அழைத்துவர வேண்டியவருக்கு அந்த அரைக்கால் நாள், அதாவது ஒரு மணி நேரம், எவ்வளவு பெரிய உதவி என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்து உருவாக்கப்பட்ட பொதுச் சேவையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. 480 நாள்களும் தாய்க்கும் தந்தைக்கும் சரிபாதியாக, தலா 240 நாள்கள் என்றே பிரிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றில் 90 நாள்கள் மட்டுமே ஒருவருக்கே உரியவை. எஞ்சிய 150 நாள்களை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுப்பது மிக எளிது: நாள்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டால் போதும். ஆனால் தந்தை இடும் அந்த ஒரு கையொப்பத்தால், தாய் தன் அலுவலகத்தில் இல்லாத காலம் ஐந்து மாதங்கள் வரை நீண்டுவிடுகிறது. திட்டம் தொடங்கிய ஆண்டில் எடுக்கப்பட்ட நாள்களில் தந்தையரின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இப்போது அது ஏறத்தாழ 30 விழுக்காடு. இந்த ஏற்றம் பெருமளவுக்கு, 1995, 2002, 2016 ஆகிய ஆண்டுகளில் ஒருவருக்கே உரிய நாள்கள் ஒவ்வொரு மாதமாக ஒதுக்கீடு செய்யப்பட்டதால் வந்ததே தவிர, விளம்பரங்களாலும் அறிவுரைகளாலும் வந்ததன்று என்பது என் உறுதியான கருத்து.

இதன் விளைவு மேலாண்மைப் பதவிகளில் அப்படியே தெரிகிறது. எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் சுவீடனின் மேலாளர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். நகராட்சிகளில் அவர்களே பெரும்பான்மை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு வந்தால் இயக்குநர் குழுக்களில் அவர்களின் பங்கு மூன்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. தலைமைச் செயல் அதிகாரிகளிலோ பத்துப் பேரில் ஒருவர் என்ற நிலையை ஒட்டியே நிற்கிறது. 2005 முதல் 2017 வரை எஸ்.இ.பி. வங்கியை நடத்திய அன்னிகா ஃபால்கெங்ரென், 2020 முதல் 2024 தொடக்கம் வரை எச் அண்ட் எம் ஆடை விற்பனை நிறுவனத்தை நடத்திய ஹெலேனா ஹெல்மர்சன் போன்றோரின் பெயர்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதற்குக் காரணமே, சொல்வதற்கு அதிகப் பெயர்கள் இல்லை என்பதுதான். இயக்குநர் குழுக்களில் 40 விழுக்காடு ஒதுக்கீடு கோரிய அரசின் சட்ட முன்மொழிவும் நாடாளுமன்ற ஆதரவின்றி 2017-இல் கைவிடப்பட்டது.

பெரும் பொறுப்புகள் பெரும்பாலும் முப்பதுகளில்தான் கைக்கு வருகின்றன. குழந்தைகள் பிறப்பதும் அதே வயதில்தான். அந்த ஆண்டுகளில் யார் நீண்ட விடுப்பில் போவார் என்பதை நிறுவனம் முன்கூட்டியே ஊகிக்க முடியுமானால், இன்னும் தாயாகாத பெண்ணையும் அந்த ஊகம் பாதிக்கும். பெற்றோர் விடுப்பை முன்னிட்டு ஊழியரைப் பாதகமாக நடத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எனினும் கொடுக்கப்படாத ஒரு பொறுப்பை வழக்காடுமன்றத்தில் நிறுவுவது எளிதன்று.

பண உச்சவரம்பும் இதே திசையில்தான் தள்ளுகிறது. 2025-இல் நாளொன்றுக்குக் கிடைத்த அதிகபட்சத் தொகை 1,250 குரோனர்; மாதம் 49,000 குரோனருக்கு மேற்பட்ட ஊதியம் கணக்கில் வரவே இல்லை. பல குடும்பங்களில் அந்த வரம்பைத் தாண்டிச் சம்பாதிப்பவர் கணவர் என்பதால், அவர் வீட்டிலிருந்தால் இழப்பு அதிகம் என்று கணக்குப் பார்த்து, மனைவியே விடுப்பை நீட்டிக்கிறார். கணக்கு அந்த ஆண்டுக்குச் சரிதான். ஆனால் பத்தாண்டுகள் கழித்து மனைவிக்குக் கிடைக்காமல் போகும் ஊதிய உயர்வும் ஓய்வூதியமும் அதில் எழுதப்படுவதில்லை. உச்சவரம்பை உயர்த்துவதும், ஒருவருக்கே உரிய நாள்களைக் குறைந்தது ஐந்து மாதங்களாக்குவதும் இச்சேவைக்கு உடனடியாகத் தேவையான திருத்தங்கள்.

வேலைக்காகப் புதிதாகக் குடியேறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரசவத்திற்குக் குறித்த தேதிக்கு முன் தொடர்ந்து 240 நாள்கள் வருமானம் ஈட்டியிராவிட்டால், முதல் 180 நாள்களுக்கு நாளொன்றுக்கு 250 குரோனர்தான் கிடைக்கும். விடுப்புக் கால ஊதியத்தை நிறுவனம் ஈடுசெய்கிறதா என்பதைக் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் தாயும் தந்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. விடுப்பைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன் நிறுவனத்திடம் அறிவிக்க வேண்டும். நாள்களை விட்டுக்கொடுக்கும் படிவத்தை மட்டும், தாய் எந்த மாதம் வேலைக்குத் திரும்பப் போகிறார் என்பதைத் தேதியோடு முடிவுசெய்த பிறகே தந்தை திறக்கட்டும்.