பெயர் அட்டைக்கு 1,140 டொலர்: ரொறன்ரோவில் கலியாணம் வைத்திருப்பவர்கள் கவனம்

வரவேற்புக்கு யார் எந்த மேசை என்று காட்டுகிற பலகையும் பெயர் அட்டையும் இணையத்தில் ஓடர் பண்ணப் போகிறவர்கள், காசு கட்டுவதற்கு முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். போன சனிக்கிழமைதான் தங்கச்சியின் வரவேற்பு முடிந்தது. எங்களுக்குப் போன காசு 1,140 டொலர். கடையின் பெயரைப் போடவில்லை, முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சின்னச் சின்ன விற்பனையாளர்கள் கடை திறந்து கலியாணச் சாமான் விற்கும் தளம் ஒன்று, அதில் “தமிழ்க் கலியாணங்களுக்கு நாங்கள்” என்று போட்டிருக்கிற ஒரு கடை, அவ்வளவுதான் சொல்லலாம். இந்த மேசை ஒழுங்கை எப்படிச் சரியாகச் செய்வது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

பெயர் அட்டை என்ன பெரிய விசயம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். அங்கே பந்தியில் இடம் பிடித்து இருந்தால் சரி. இங்கே ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து மண்டபங்களில் வட்ட மேசை, 72 அங்குல மேசைக்குப் பத்துப் பேர், தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. எத்தனை பேர், எந்த மேசையில் யார், யாருக்கு மரக்கறி, யாருக்குக் கோழி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பரிமாறுகிறவர்கள் அட்டையின் மூலையில் இருக்கிற அடையாளத்தைப் பார்த்துத்தான் தட்டு வைப்பார்கள். எங்களுக்கு 290 பேர், 29 மேசை. அம்மா தொலைபேசியும் கையுமாக இருந்து ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் போட்ட பட்டியல் அது. காது கேளாத பெரியப்பாவை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. சக்கர நாற்காலியில் வருகிற மாமிக்கு வாசல் பக்க மேசை, ஒரு கதிரையை எடுத்துவிட வேண்டும். காணிப் பிரச்சினையில் கதை பேச்சில்லாத இரண்டு குடும்பம், அவர்களுக்கு நடுவில் குறைந்தது நாலு மேசையாவது வேண்டும். இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

அட்டையில் பெயர் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கேட்ட இடங்களில் ஆங்கிலம் என்றால் செய்வோம், தமிழ் என்றால் கஷ்டம் என்றார்கள். அப்போதுதான் இந்தக் கடை கிடைத்தது. எழுதிப் போட்ட அன்றைக்கே கடையை நடத்துகிற பிள்ளை ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் எங்கள் அப்பம்மாவின் பெயரைத் தமிழில் அச்சடித்து, பொன்நிறக் கரை வைத்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எழுத்து அவ்வளவு வடிவு. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். “யோசிக்காதேங்கோ அக்கா, நாங்களும் தமிழ்ப் பிள்ளையள்தான், ஒரு எழுத்துப் பிழைக்க விடமாட்டம்” என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் முழு வீடும் நம்பியது. தளத்தில் 340 டொலர் முற்பணம் கட்டினோம். மிச்சம் 800 டொலர், “தளத்தில் கட்டினால் எங்கட கைக்கு வர நாள் எடுக்கும் அக்கா, கடதாசி வாங்க வேணும், ஈ-ட்ரான்ஸ்பர் போட்டுவிடுங்கோ” என்றாள், வங்கிக் கணக்கில் இருந்து நேரே அவளுக்கு அனுப்புகிற முறை அது. அதுவும் போனது. 340ம் 800ம், 1,140 டொலர்.

அதற்குப் பிறகு குரலே மாறிவிட்டது. எல்லாப் பெயரும் அடங்கிய பிடிஎஃப் அனுப்பு, பார்த்துச் சொல்கிறோம் என்று கேட்டோம். டிசைனர் லீவு என்றாள். அப்புறம் கொம்பியூட்டர் பழுது என்றாள். அப்புறம், “அக்கா, அது பிரிண்டுக்குப் போட்டுது, வடிவா வந்திருக்கு” என்று இரண்டு இருதயப் படம் போட்டு ஒரு மெசேஜ்.

வியாழக்கிழமை பின்னேரம் பெட்டி வந்தது. திறந்து முதல் அட்டைக் கட்டை எடுத்த தங்கச்சி ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். ‘கே’ வர வேண்டிய இடத்தில் முதலில் ஒரு ‘க’, அதற்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம், கொம்பு அந்த வட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘கொ’ இருந்த பெயரெல்லாம் மூன்று துண்டு. கொம்பே இல்லாத சில பெயர்கள் மட்டும் தப்பியிருந்தன. தமிழ் எழுத்தை ஒழுங்காகச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் யூனிகோட் பெயரை வெட்டி ஒட்டினால் இப்படித்தான் வரும், கொஞ்சம் தமிழ் தட்டச்சு செய்கிற எவருக்கும் தெரியும். வேறு ஒரு கட்டு அதைவிட மோசம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு அந்த எழுத்துருவைப் போடாமலே அச்சடித்திருக்கிறார்கள், தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பெட்டியை ஒரு நிமிடம் பார்த்திருந்தாலும் இது எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

வாசலில் வைக்கிற பெரிய பலகையைப் பார்த்தால் அழுகை வந்தது. முதற்பெயர் வரிசையில் போடு என்று எழுதியே கொடுத்திருந்தோம். எங்கள் ஆட்களில் மனுசிக்குப் பின்னால் ஒரு பெயர், மனுசனுக்குப் பின்னால் அவருடைய தகப்பன் பெயர், பிள்ளைகளுக்கு வேறொன்று. இவர்கள் கடைசிப் பெயரை வைத்து அகரவரிசை போட்டதில் மனுசன் பலகையின் இடது மேல் மூலையில், மனுசி வலது கீழ் மூலையில். மரக்கறி, கோழி அடையாளம் ஒரு அட்டையிலும் இல்லை. இதற்குத்தான் 1,140 டொலர்.

உடனே கூப்பிட்டோம், எடுக்கவில்லை. இரவு மெசேஜ் வந்தது. “அக்கா நீங்கள் தந்த ஃபைலிலதான் பிழை.” அதே ஃபைலில் இருந்துதானே அப்பம்மாவின் பெயரை எடுத்து வீடியோவில் காட்டினாய் என்று கேட்டால் பதில் இல்லை. மற்ற நாள், “நீங்கள் சாம்பிள் ஓகே சொன்னீங்கள்தானே.” ஓகே சொன்னது அந்த ஒரே ஒரு அட்டைக்கு! அதற்குப் பிறகு நாங்கள் மெசேஜ் போட முடியாதபடி எங்களைத் தடுத்துவிட்டாள். தளத்துக்கு எழுதினால், விற்பனையாளர் ‘அனுப்பியாயிற்று’ என்று குறித்ததும் 340 டொலர் அவர் கணக்குக்குப் போய்விட்டதாம், 800 டொலர் தளத்துக்கு வெளியே கட்டியதால் தங்களுக்குப் பொறுப்பில்லையாம். எத்தனை தரம் எழுதினாலும் சொல் மாறாமல் இதே பதில்தான், மனிசர் யாராவது வாசிக்கிறார்களா என்பதே சந்தேகம். வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய ஈ-ட்ரான்ஸ்பர், அவருக்குத் தானாகவே வரவாகிவிட்டது, திருப்ப ஏலாது என்கிறார்கள். ஆளுக்கு ஆள் கையை விரிக்க, அவளுடைய பக்கத்தில் எங்கள் அப்பம்மாவின் பெயர் போட்ட அந்த வீடியோ இன்றைக்கும் விளம்பரமாக ஓடுகிறது. அதை எடு என்று சொல்லக்கூட வழி இல்லை.

வெள்ளி இரவு முழுக்க மச்சாள்மாரும் சித்தியும் கடையில் வாங்கிய வெள்ளை மட்டையை மடித்து மார்க்கரால் எழுதினார்கள். அப்படியும் முடியவில்லை. இரண்டு மேசையில் மரக்கறிக்காரர்களுக்கு முன்னால் கோழி வைத்து, பிறகு எடுத்து, அதற்குள் ஒரு பெரியவர் சாப்பிடாமலே எழும்பிவிட்டார். அவர் வீட்டுக்குப் போய் அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தக் காசைவிட எனக்கு எரிகிறது இதுதான்.

மேசை ஒழுங்கைப் பற்றி விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரமாக நாலு சொல். காசு முழுவதையும் தளத்துக்குள்ளேயே, கிரெடிட் காட்டில் மட்டும் கட்டுங்கள், அதில் என்றால் வங்கியிடம் முறையிடவாவது வழி இருக்கிறது. ஒரு சாம்பிளைப் பார்த்து மயங்காமல் எல்லாப் பெயரும் உள்ள பிடிஎஃபை வாங்கி, கே, கொ, ஸ்ரீ வருகிற பெயர்களை முதலில் பாருங்கள், அதைத் தராமல் அச்சுக்குப் போனால் மிச்சக் காசு கொடுக்காதீர்கள். பலகை முதற்பெயர் வரிசையில். சாமான் வர வேண்டிய நாளைக் கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்னதாக எழுத்தில் வாங்குங்கள். ஏற்கனவே மாட்டியவர்களுக்கு: ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய் சொல்லி விற்றிருந்தால் ஒப்பந்தம் செய்த ஒரு வருடத்துக்குள் அதை முறித்துக் காசைக் கேட்கலாம். கேட்டும் தராவிட்டால் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது, 50,000 டொலர் வரைக்கும் அங்கே போகலாம், 1,140 டொலருக்கும் போகலாம். மெசேஜ் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், அவர்கள் தடுப்பதற்கு முதல்.