கொண்டலாம்பட்டி மரப்பட்டறை: டைனிங் டேபிளுக்குப் பண்ணை வீட்டுக் களை

பளபளக்கும் டைனிங் டேபிளைப் பண்ணை வீட்டு மேசை மாதிரி மாற்றித் தரக் கேட்டால், பல பட்டறைகளில் அடர் பழுப்பு பாலிஷ் அடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சேலம் கொண்டலாம்பட்டி பக்கமிருக்கும் இந்தச் சின்னப் பட்டறையின் ஆசாரி முதலில் மேசையைக் கவிழ்த்துப் பார்த்தார். மேல்பலகை ஒட்டுப்போட்ட ரப்பர் மரம். நாற்காலிச் சாய்மானமோ எம்.டி.எஃப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மேல் மைக்கா. "பலகையைத் தேய்க்கலாங்க்கா. சாய்மானத்தைத் தேய்ச்சா மாவுதான் கொட்டும்" என்று நேராகச் சொன்னார். அந்தப் பேச்சுக்காகவே வேலையைக் கொடுத்தேன்.

நிறம் ஏற்றிய விதம்தான் அருமை. ரப்பர் மரம் வெளிறியது, சாயம் பூசினால் அப்பியது போலத் தெரியும். இவர் பழைய பூச்சை 80, 120, 220 என்று உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டு, கெட்டி டீ டிகாஷனைத் தடவிக் காயவைத்தார். அதன்மேல் இரும்பு நாரை ஊறப்போட்ட வினிகர். டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேரும்போது மரமே சாம்பல் கறுப்பாகிறது. கிட்டே நின்று பார்த்தேன். தடவிய கொஞ்ச நேரத்திலேயே ஒட்டுப்பலகை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலில் கறுத்தது. மேலே லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும். பழசாகத் தெரியச் சங்கிலியால் அடித்து வடு உண்டாக்க மறுத்துவிட்டார். எனக்கும் அதுதான் பிடித்தது, பொய் வடு எதற்கு?

மெலிந்த இரும்புக் கால்களுக்குப் பதில், இடித்த வீட்டு உத்திரத்தை அறுத்துத் தேக்குக் கால்களும் பெருக்கல் குறி வடிவக் குறுக்குச் சட்டமும். பழைய ஆணித் துளைகளைப் புட்டி வைத்து அடைக்காமல், கம்பி பிரஷ்ஷால் அழுக்கை மட்டும் எடுத்திருக்கிறார். ஒரு பக்க நாற்காலிகளை நீக்கிவிட்டு சில்வர் ஓக் பெஞ்சு. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நின்று மிளகுக்கொடியைத் தாங்குகிற அதே மரம். பூச்சி விழும் என்பதால் மருந்து அடித்தே கொடுத்தார். மீதி நாற்காலிகளுக்கு பளபளப்பில்லாத வெள்ளைச் சாக் பெயின்ட், பரவாயில்லை ரகம்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு வரவில்லை. நான்தான் போன் போட்டுத் துரத்தினேன். மெழுகுப் பூச்சு சூடு தாங்காது என்பதையும் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். கொதிக்கிற ரசச் சட்டியை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. புளி, எலுமிச்சை சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். பூச்சு வறண்டு தெரிந்தால் எண்ணெய் நாமே தடவலாம், ஆனால் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயப்போடுங்கள்.

பெஞ்சு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ரூ.24,000 ஆனது. முழு மரப் பலகை என்றால் தாராளமாகக் கொடுங்கள். மேலே வெனீர் ஒட்டியதென்றால் வேண்டாம். அந்த மெல்லிய தோல் உப்புத்தாளிலேயே போய்விடும்.