நண்பரின் நாணயத் தொகுப்பை வாங்கும்போது எந்தக் கணக்கு நியாயமானது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் நம்மவர்கள் பல வீடுகளில் பழைய நாணயங்கள் போட்டு வைத்த டின் ஒன்று இருக்கும். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அதில் மிச்சம் பிடித்துப் பவுன் வாங்கி வைத்த குடும்பங்கள் உண்டு. விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், பிரிட்டிஷ் பவுன், பால் க்ரூகர் முகம் உள்ள ட்ரான்ஸ்வால் காசு, யூனியன் காலத்து (குடியரசாகும் முன், 1910 முதல் 1961 வரை) ஷில்லிங், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய தங்க க்ரூகர்ராண்ட், கடைசியாக மண்டேலா ஐந்து ராண்ட் வரைக்கும் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

நாணயம் சேர்க்கிற பழக்கம் உங்களுக்கு இருப்பது தெரிந்தால், ஒருநாள் நண்பர் அந்த டின்னோடு வந்து, "அப்பா சேர்த்தது. எனக்கு இதிலே ஒண்ணும் தெரியாது, நீயே பார்த்து ஒரு விலை போட்டுக்கோ" என்பார். கடையில் வியாபாரியும் வாடிக்கையாளரும் அவரவர் பக்கத்தைக் காத்துக்கொள்கிறார்கள். இங்கே நண்பர் தன் பக்கத்தையும் உங்களிடமே கொடுத்துவிட்டார். ஆகவே விலை சொல்வதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிந்தது முழுக்க அவருக்கும் தெரிய வேண்டும். எந்தக் கணக்கு முறையைப் பிடித்தாலும் இது இல்லாமல் நியாயம் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, முறைகளுக்கு வருவோம். வழக்கத்தில் இருப்பவை ஐந்து: உலோக விலை, விலைப் புத்தகம், கடைக்காரர் வாங்குவதற்குக் கேட்கும் விலை, ஏலத்தில் உண்மையில் போன விலை, வாங்காமல் விற்றுக் கொடுப்பது.

உலோக விலை

எல்லாரும் முதலில் போவது இதற்குத்தான். தங்கத்துக்கு இது நல்ல முறை. க்ரூகர்ராண்ட் 1967இல் வந்தது; 22 காரட், மொத்த எடை 33.93 கிராம். ஆனால் அதில் சுத்தத் தங்கம் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம்தான். மொத்த எடையைத் தங்க விலையால் பெருக்கினால் கணக்கு தப்பாகிவிடும். 1980 முதல் அரை, கால், பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ் அளவுகளும் உண்டு. பிரிட்டிஷ் பவுன் 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். பிரிட்டோரியாவில் 1923 முதல் 1932 வரை அடித்த பவுனும், அதற்கு முந்தைய, பாண்ட் என்ற ட்ரான்ஸ்வால் தங்கக் காசும் இதே எடை, இதே தரம். கணக்குக்காக ஒரு கிராம் தங்கம் 2,000 ராண்ட் என்று வைத்துக்கொண்டால், பவுனுக்கு 14,640 ராண்ட் வரும்.

வெள்ளிக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. யூனியன் காலத்து வெள்ளிக் காசுகள் எல்லாமே ஒரு ஷில்லிங் மதிப்புக்கு ஏறக்குறைய 5.66 கிராம் என்ற அளவில் அடித்தவை. ஆறு பென்ஸ், ஷில்லிங், இரண்டு ஷில்லிங், இரண்டரை ஷில்லிங் என்று தனித்தனியாக எடை போட வேண்டாம். முக மதிப்பைக் கூட்டினால் போதும் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). 1923 முதல் 1950 வரை 80 சதவீத வெள்ளி, ஆக ஷில்லிங்குக்கு 4.5 கிராம் சுத்த வெள்ளி. 1951 முதல் 1960 வரை 50 சதவீதம், ஷில்லிங்குக்கு 2.8 கிராம். க்ரூகர் காலத்து வெள்ளி 92.5 சதவீதம். யூனியன் ஐந்து ஷில்லிங் காசு 1947இல் அறிமுகமானது. 1950 வரை வந்ததும் 1951 முதல் வந்ததும் பார்வைக்கு ஒரே அளவாக இருக்கும், ஆனால் ஒன்றில் 22.6 கிராம் வெள்ளி, இன்னொன்றில் 14.1 கிராம். ஆண்டு பார்க்காமல் மொத்தமாக ஒரு விலை போட்டால் யாரோ ஒருவர் நஷ்டப்படுவார். 1961 பிப்ரவரி 14 அன்று ராண்டுக்கு மாறிய பிறகும் வெள்ளி உடனே நிற்கவில்லை. 1961 முதல் 1964 வரை வந்த 50 செண்டிலும் பாதி வெள்ளி; 1965இல் தொடங்கிய வெள்ளி ஒரு ராண்டில் 12 கிராம் வெள்ளி. விக்டோரியா ரூபாயில் சுமார் 10.7 கிராம்.

நம் வீட்டுப் பவுன்களுக்கு உலோக விலை பெரும்பாலும் பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பல பவுன்கள் காசு மாலையில் கோத்தவை, வளையம் பற்றவைத்தவை. பற்றவைத்த தடம் விழுந்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுக்க மாட்டார். அது இனி தங்கம் மட்டுமே. அதே மாதிரி, பொங்கலுக்கும் பூஜைக்கும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்த வெள்ளிக் காசுகள். அம்மாக்கள் அன்போடு செய்தது. ஆனால் மேற்பரப்பு போய்விட்டால் திரும்ப வராது. இதை நண்பரிடம் மென்மையாக, ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இனிமேல் எதையும் தேய்க்க வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த முறை கவிழ்வது அரிய நாணயத்தில். 1931ஆம் ஆண்டு வெள்ளி டிக்கி, அதாவது மூன்று பென்ஸ், ஒன்றரை கிராம்கூட இருக்காது. உலோகக் கணக்கில் அது சில்லறை. சேகரிப்பாளருக்கு அது யூனியன் வரிசையிலேயே கிடைப்பதற்கு மிகக் கடினமானவற்றில் ஒன்று. இது தெரிந்திருந்தும் டிக்கியை ஷில்லிங்குகளோடு சேர்த்து எடை போட்டு வாங்குகிறவர் நண்பர் என்ற பேருக்கு உரியவர் அல்ல.

விலைப் புத்தகம்

தென்னாப்பிரிக்க நாணயங்களுக்குத் தரவாரியாக விலை போட்ட கையேடுகள் இருக்கின்றன. எது அரிது, எந்த ஆண்டில் எத்தனை அடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவை அருமையானவை. க்ரூகர் காலத்து 1892ஆம் ஆண்டு ஐந்து ஷில்லிங்கில் பொறித்த வண்டியின் ஏர்க்கால் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கச் சொல்லித் தருவது அந்தப் புத்தகங்கள்தான். பெர்லினில் அச்சு வெட்டியபோது நடந்த தவறு அது. அந்த ஒரு கோட்டில் விலை வெகுவாக மாறும்.

ஆனால் விலை சொல்ல அவற்றை நம்பாதீர்கள். அங்கே அச்சிட்டிருப்பது கடையில் வாங்குகிறவர் கொடுக்கும் விலை. அதுவும் தரம் சரியாகக் கணித்த, தேய்க்காத, கீறாத நாணயத்துக்கு. புத்தக விலையில் பாதி என்று ஒரு வழக்கு சொல்வார்கள். அந்தப் பாதி சில நாணயத்துக்கு அதிகம், சிலவற்றுக்கு மிகவும் குறைவு. இரண்டு பேருக்கும் நியாயம் தராத எண் அது.

கடைக்காரர் கேட்கும் விலை

கடைக்காரர் குறைத்துக் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அவருக்கு வாடகை இருக்கிறது, விற்காமல் தேங்கும் சரக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுப் பழைய பொருள் சட்டப்படி போலீசில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரின் அடையாள அட்டை விவரத்தோடு பதிவேடும் வைக்க வேண்டும். பணத்தை அன்றைக்கே கொடுக்கிறார். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கழிவு.

நீங்கள் உங்கள் தொகுப்பில் வைத்துக்கொள்ள வாங்குகிறீர்கள். உங்களுக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. அப்படியிருக்கக் கடைக்காரர் விலையையே நண்பருக்குக் கொடுத்தால், கடைக்காரர் உழைத்துச் சம்பாதிக்கும் லாபம் சும்மா உங்கள் பைக்குப் போகிறது. அதனால் கடை விலையை அடிமட்டமாக மட்டும் பாருங்கள். அதற்குக் கீழே போகவே கூடாது. இந்த விலையை நீங்கள் விசாரித்து வந்து சொல்வதைவிட, நண்பரே காசுகளோடு இரண்டு கடைகளுக்குப் போய்த் தன் காதால் கேட்டு வருவது நல்லது. டர்பன் க்ரே தெரு நகைக்கடைகளில் தங்கத்துக்குக் கேட்கலாம். ட்ரான்ஸ்வால் காசுக்கு நாணய வியாபாரியிடம்தான் போக வேண்டும். நகைக்கடைக்கு அது வெறும் எடை.

ஏலத்தில் போன விலை

அரிய நாணயத்துக்கு நான் முதலில் நம்புவது இதை. ஆனால் விற்பவர் கேட்கிற விலையையும் உண்மையில் போன விலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதற்கு மண்டேலா ஐந்து ராண்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2000இல் வந்த சிரித்த முக நாணயத்துக்கும், 2008இல் 90ஆவது பிறந்த நாளுக்கு வந்ததற்கும் இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விளம்பரம் செய்கிறார்கள். கையில் புழங்கிய அந்த நாணயம் ஐந்து ராண்ட்தான். மிக உயர்ந்த தரச் சான்று பெற்ற சில மட்டும் வேறு. "இத்தனை மண்டேலா வைச்சிருக்கேன், பிள்ளை காலேஜ் பணம் இதிலேயே வந்திடும்" என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் உண்மையைச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

விற்று முடிந்த ஏலங்களில், அதே ஆண்டு, அதே தரத்தில் இரண்டு மூன்றாவது பாருங்கள். ஒரே ஓர் ஏலம் போதாது. போட்டியில் யாராவது ஏற்றி விட்டிருக்கலாம். அப்புறம் அதிலிருந்து விற்பவர் கட்டும் கமிஷனைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு நாணயம் 10,000 ராண்டுக்குப் போகிறது, கமிஷனும் தபாலும் 1,500, கடைக்காரர் கேட்டது 6,000 என்று வைப்போம். நான் கொடுப்பது 8,500. காரணம், நண்பர் தானே அலைந்து விற்றிருந்தால் கையில் நிற்கும் பணம் அது. அலைச்சல் மிச்சம் என்பதால் கொஞ்சம் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அவர் தாமாகக் குறைத்துக்கொண்டால் சரி. நாமாகக் கேட்பது எனக்குச் சம்மதமில்லை.

வாங்காமல் விற்றுக் கொடுப்பது

பலருக்கு இது தோன்றுவதே இல்லை. டின்னில் இரட்டை ஏர்க்கால் ஐந்து ஷில்லிங்கோ 1931 டிக்கியோ இருந்தால், நான் வாங்கவே மாட்டேன். 1902இல் போயர் போரின்போது பில்க்ரிம்ஸ் ரெஸ்டில் அடித்த வெல்ட்பாண்ட் தங்கக் காசு என்று யாராவது காட்டினாலும் அப்படித்தான். போலிகள் இருக்கின்றன, என் கண்ணை நம்பி விலை சொல்லக் கூடிய பொருள் அல்ல. முதலில் என்ஜிசி மாதிரி ஒரு தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பி உண்மையானதா, தரம் 70 புள்ளிக்கு எத்தனை என்று தெரிந்துகொண்டு, பிறகு ஏலத்துக்கு விடத் துணை நிற்பேன். சான்றுக் கட்டணமும் போக்குவரத்தும் கணிசமானவை. அதனால் சாதாரண ஷில்லிங்குக்கு இது வேண்டாம். நமக்குக் கூலியாக ஒரு சிறு பங்கு வேண்டுமென்றால் அதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

அப்படியானால் எது?

முழு டின்னுக்கும் ஒரே முறை என்பதுதான் தப்பு. என் வரிசை இது: புழங்கிய தங்கமும் தேய்ந்த வெள்ளியும் உலோக விலைக்கு, கொஞ்சம் அரிதானவை ஏலக் கணக்கில், கமிஷன் போக, மிக அரிதானவை விற்றுக் கொடுப்பதற்கு, மற்றவை முக மதிப்புக்கு. விலைப் புத்தகம் பெயர் கண்டுபிடிக்க மட்டும்.

மரப்பெட்டியில் வாங்கிய ப்ரூஃப் செட்டுகளில்தான் (சேகரிப்பாளருக்காகவே தனியாக அடித்த நாணயங்கள்) அதிகம் மனக்கசப்பு வரும். அப்பாவுக்குக் கடையில் கொடுத்த பில் பெட்டிக்குள்ளேயே இருக்கும், அதில் பெரிய தொகை இருக்கும். க்ரூகர்ராண்டுக்கு வாட் வரி பூஜ்யம். ஆனால் பதிவு செய்த கடையில் வாங்கிய பல சேகரிப்புப் பொருட்களின் விலையில் வரியும் கடை லாபமும் அடங்கியிருந்தது. அந்தப் பணம் திரும்பி வராது. ஏலத்தில் இன்று என்ன போகிறதோ அதுதான் விலை. ப்ரூஃப் க்ரூகர்ராண்டை மட்டும் சாதாரண க்ரூகர்ராண்டோடு சேர்த்து எடைக்கு வாங்கிவிடாதீர்கள். அதற்குச் சேகரிப்பாளர் விலை உண்டு.

முழுத் தொகுப்பையும் எடுப்பதா, பிடித்ததை மட்டும் எடுப்பதா என்ற கேள்வியும் வரும். நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டால், அந்த மிச்சத்தை ஒரு வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே எடை, ஆண்டு, நிலை, எந்த முறைப்படி விலை என்று எழுதிப் பட்டியலாகவே கொடுங்கள். அப்போது எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்யலாம். பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: "அண்ணே, இது உங்களுடையது மட்டும்தானா? தங்கச்சிக்குத் தெரியுமா?" அப்பா காலமாகி, சொத்துக் கணக்கு முடியாமல் இருந்தால், விற்கும் அதிகாரம் மகனுக்கு இல்லை, உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்தவருக்குத்தான். சொத்து 2,50,000 ராண்டைத் தாண்டாவிட்டாலும் அங்கிருந்து ஓர் அதிகாரக் கடிதம் வேண்டும். ஆயா (பாட்டி) கழுத்தில் கிடந்த பவுன் எது என்று கேட்டு, அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விற்றபிறகு மனசு மாறி அழுகிற பொருள் பெரும்பாலும் அதுதான்.

தங்க விலை தினமும் மாறுவதால், பட்டியலில் கிராம் கணக்கை மட்டும் உறுதி செய்துவிட்டு, பணம் வங்கிக்குப் போகும் நாள் காலை விலையில் தொகையை நிரப்புங்கள். இருவரும் கையெழுத்திட்ட பிரதி ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்; தங்க நாணயம் மூலதன லாப வரிக் கணக்கில் வரக்கூடும், அவருக்கு அந்தத் தாள் தேவைப்படும். அதிலேயே ஒரு வரி சேருங்கள்: நம் இருவர் கண்ணுக்கும் தப்பிய அரிய நாணயம் ஏதாவது இதில் இருப்பது இரண்டு வருஷத்துக்குள் தெரியவந்தால், கூடுதல் மதிப்பில் பாதி அவருக்கு.