செப்பிலோக்கா, கினபாத்தாங்கானா? ஓராங் ஊத்தான் பார்க்கப் போகிறவர்களுக்கு

போர்னியோத் தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாவில் ஓராங் ஊத்தான் என்ற மனிதக் குரங்கைப் பார்க்க வேண்டும் என்றால் சண்டாக்கான் நகரில் இறங்கியதும் இரண்டு வழி. அரை மணி நேரத்தில் செப்பிலோக் மறுவாழ்வு மையம் போய்விடலாம். இல்லையென்றால் இரண்டரை மணி நேரம் வண்டியில் போய் சுக்காவ் கிராமத்தில் தங்கி, கினபாத்தாங்கான் ஆற்றில் படகில் தேட வேண்டும். நாங்கள் கோலாலம்பூரிலிருந்து இரண்டு முறை போய் இரண்டையும் பார்த்துவிட்டோம். என் ஓட்டு ஆற்றுக்குத்தான்.

செப்பிலோக்கைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. 1964-இல் தொடங்கிய இடம். தாயை இழந்த குட்டிகளை வளர்த்து, மரம் ஏறவும் கூடு கட்டவும் பழக்கி, காட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். காட்டில் ஒரு குட்டி ஏழெட்டு வருடம் தாயோடேயே இருந்து கற்றுக்கொள்கிற விஷயம் அது, அதனால் இங்கேயும் வருடக்கணக்கில் ஆகிறது. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் மேடையில் பழம் வைப்பார்கள். நாங்கள் போன அன்று ஒரு குட்டி கயிற்றில் ஒரு கையால் தொங்கியபடி வாழைப்பழத்தைப் பல்லால் உரித்து, தோலைக் காலில் பிடித்துக்கொண்டு பழத்தைத் தின்றது, அப்புறம் அந்தத் தோலையும் எடுத்து நிதானமாகச் சுவைத்தது. பக்கத்திலேயே சூரியக் கரடி மையமும் இருக்கிறது. கைக்குழந்தை, வயதானவர்கள் கூட வருகிறார்கள், அல்லது ஒரே நாள்தான் லீவு என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கேயே போங்கள்.

ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே மேடையைப் பார்த்து நிற்கிறோம். காட்டில் பழம் நிறைய இருக்கும் சமயத்தில் மேடைக்கு ஒன்றுகூட வராத நாளும் உண்டு. அங்கே வேலை செய்பவர்களுக்கு அது நல்ல செய்தி, தூரத்திலிருந்து வந்த நமக்கு ஏமாற்றம்.

சரி, ஆறு. 560 கிலோமீட்டர், சபாவிலேயே நீளமானது. கீழ்ப்பகுதிக் காட்டை 2005-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். சுக்காவ் போகிற சாலை நெடுக செம்பனைதான், பாமாயில் எடுக்கிற மரம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், செம்பனை எனக்குப் புதிதில்லை, அப்படியும் மணிக்கணக்கில் வேறு மரமே கண்ணில் படாமல் போனபோது மனசு கனத்தது. கரையோரம் இவ்வளவு விலங்கு சுலபமாகத் தெரிவதற்கு ஒரு காரணமும் இதுதான். பல இடங்களில் ஆற்றை ஒட்டி ஒரு பட்டையாகத்தான் காடு மிச்சம், பின்னால் ஒதுங்க அவற்றுக்கு இடம் இல்லை.

மாலைப் படகில் நீண்ட மூக்குக் குரங்குகளை அநேகமாக யாரும் தவறவிட மாட்டார்கள். போர்னியோவைத் தவிர வேறு எங்கும் காட்டில் இல்லாத இனம். அந்தி சாயும்போது தூங்குவதற்காகக் கரையோர மரங்களுக்குக் கூட்டமாக வந்துவிடும். படகோட்டி இன்ஜினை நிறுத்தினார். ஒரு பெரிய ஆண் குரங்கு கிளையிலிருந்து கிளைக்குத் தாவ, கிளை வளைந்து இலையெல்லாம் எங்கள் மேல் உதிர்ந்தது. அது உட்கார்ந்து மூக்கை ஒதுக்கிவிட்டு இலையை வாயில் போட்டதுவரை தெளிவாகத் தெரிந்தது.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம்: ஆற்றில் எத்தனை முறை படகில் போகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விடுதி எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அப்புறம். ஒரு இரவு தங்கினால் மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு இரவு என்றால் நான்கு. முதல் முறை நாங்கள் ஒரு இரவுதான் தங்கினோம். "யானை கட்டாயம் பார்க்கலாம்" என்று பேக்கேஜ் விற்றவர் சொன்னதை நம்பிப் போய், ஒரு மாலை முழுக்க மழையில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தோம். போர்னியோ யானைகள் மொத்தமே ஏறக்குறைய ஆயிரம்தான், அவையும் ஆற்றோரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மழை ஒரு படகைக் கெடுத்தால் ஒரு இரவுக்காரர்களுக்குப் பாதிப் பயணம் போச்சு, இரண்டு இரவுக்காரர்களுக்குக் கால்வாசிதான். காசு பற்றவில்லை என்றால் விலை குறைந்த அறையை எடுங்கள், இரவைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது முறை மூன்றாவது படகில்தான் ஓராங் ஊத்தான் கிடைத்தது. அத்தி மரத்தின் உச்சியில், வெறும் கண்ணுக்கு ஒரு சிவப்புப் பொட்டு மாதிரி. பைனாகுலரில் பார்த்தால் முதுகில் குட்டி. செப்பிலோக்கில் இதைவிடப் பல மடங்கு கிட்டத்தில் பார்த்திருந்தோம், ஆனாலும் என் மனைவி அழுதது இங்கேதான்.

நாங்கள் போன இரண்டு தடவையும் ஜூன், ஜூலை. வருடக் கடைசி மழைக்காலத்தில் ஆறு எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. சபாவிலேயே இன்னொரு காடான டானும் பள்ளத்தாக்குக்கும் போனதில்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிறவர்கள் மைகார்டை (அடையாள அட்டையை) மறக்க வேண்டாம். சபாவில் தீபகற்பத்தைவிடச் சீக்கிரமே இருட்டிவிடும், அதனால் முதல் நாள் மதியத்துக்குள் சுக்காவ் போய்ச் சேருங்கள். திரும்பும் விமானத்தைக் கடைசி நாள் மாலைக்குப் போடுங்கள், அப்போதுதான் நான்காவது படகுக்கு நேரம் இருக்கும். எங்களுக்கு யானைகள் அந்தப் படகில்தான் வந்தன. பனி விலகாத கரையில் முதலில் புல்லைப் பிடுங்கும் சத்தம்தான் கேட்டது. "டியாம், பாங்," (சத்தம் போடாதீங்க, அண்ணே) என்று படகோட்டி மலாயில் மெதுவாகச் சொன்னார். ஐந்து நிமிடம் யாரும் போனைக்கூட எடுக்கவில்லை.