மாமா குடியை விடணும்: மாலையா, ஹோமா, மாத்திரையா, கூட்டமா?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அம்மா வீட்டு ஹாலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குடும்பமே கூடி உட்கார்ந்திருந்தோம். பேச்சு மாமாவின் குடியைப் பற்றி. அவர் வெளியே, ஏற்கெனவே கழுவிய காரை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா, அதாவது மாமாவுக்கு அக்கா, "தண்ணீர்மலையானுக்கு மாலை போடட்டும், முருகன் பாத்துக்குவான், எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். "ஹோம்ல போட்டுடலாம்லா, மூணு மாசம் கெடக்கட்டும்" என்றார் அண்ணன், குடியை விடவைக்கத் தங்கவைக்கும் இல்லத்தைச் சொல்லி. அத்தை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பொடி விளம்பரத்தைக் காட்டினார், ரசத்தில் கலந்து கொடுத்தால் குடிக்கிறவருக்குத் தெரியவே தெரியாதாம். நான் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தைச் சொன்னேன், குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற இடம். ஆஸ்பத்திரி என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

ஒன்றரை வருஷத்தில் பொடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். தப்பான வரிசையில் பார்த்தோம் என்பதுதான் என் வருத்தம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மாலை. இதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு மண்டலம், 48 நாள், மாமா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. மரக்கறிச் சாப்பாடு, தரையில் பாய், காலையில் குளியல், கூட்டாளிகள்கூட அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள், எவனும் கிளாஸை நீட்டமாட்டான். சுற்றியிருக்கிற ஊரே சேர்ந்து காவல் காக்கிற ஏற்பாடு அது, எந்த டாக்டராலும் அப்படி ஒன்றை எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் காவடி இறக்கி மாலையைக் கழற்றிய மறுநாளே அதே கூட்டாளிகள் பியர் கார்ட்டனோடு வாசலில் நிற்பார்கள். 49ஆம் நாளுக்கு யாரிடமும் திட்டம் கிடையாது. இதைவிட மோசம், '48 நாள் இருக்கிறவனுக்கு 365 நாள் இருக்க முடியாதா, மனசு வைக்கலை' என்ற பேச்சு. அத்தை பல வருஷம் அழுதது இந்தப் பேச்சால்தான்.

மனசு மட்டும் காரணம் என்றால் விஷயம் சுலபம். குடிக்கு அடிமையாவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் தாத்தா கள்ளுக்கடையில் பாதிச் சம்பளத்தை விட்டவர். மீதிப் பாதி வேலை, கூட்டாளி, தூக்கமின்மை, துக்கம், மலிவாகக் கிடைக்கிற சம்சுச் சாராயம். அப்புறம், வருஷக்கணக்காகக் குடித்த மூளை மாறிப் போகிறது. சாராயம் மூளையை அமுக்கி மந்தமாக்கும், மூளையோ அதற்கு ஈடுகொடுக்கத் தன்னைத்தானே முறுக்கேற்றி வைத்துக்கொள்ளும். திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும்.

மாமாவிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். காலையில் தேத்தண்ணிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார், அப்படியும் பால் தேத்தண்ணி தட்டில் சிந்தும். அரை மணி நேரம் பின்பக்கம் போய்விட்டு வந்தால் கை கல்லு மாதிரி நிற்கும். காலையில் எழுந்ததும் நடுக்கத்தை அடக்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா என்று டாக்டர்கள் கேட்பது இதைத்தான்.

இந்த நிலையில்தான் அண்ணன் பேச்சைக் கேட்டு ஹோமில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். முன்பணம் வாங்கினார்கள், கைப்பேசியை வாங்கினார்கள், என்ன குடிப்பார், எவ்வளவு குடிப்பார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் மாமாவுக்கு வலிப்பு வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, அதற்கு மேல் புத்தி தடுமாறி இல்லாத ஆளோடு பேசுவது, காய்ச்சல், படபடப்பு என்று போகலாம்; வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். ஹெராயினை நிறுத்துகிறவர் படும் அவதி பார்க்கச் சகிக்காது, ஆனால் நிறுத்துவதாலேயே சாகும் ஆபத்து குடிக்குத்தான் அதிகம். இது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லா ஹோமும் இப்படி என்று சொல்லமாட்டேன். பழைய இடத்தையும் பழைய ஆட்களையும் விட்டு மூன்று மாதம் விலகியிருப்பது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது, வீட்டிலேயே குடிக்கிறவர் இன்னொருத்தர் இருந்தால் அதுதான் வழி. ஆனால் போகும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: முதல் வாரம் யார் பார்த்துக்கொள்வார்கள்? "கடவுள் பார்த்துக்குவார்" என்றால் காரைத் திருப்புங்கள்.

ஆக, ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போய்ச் சேர்ந்தோம். அங்கே டயசிபாம் வகை மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, கூடவே வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். அந்த பி1 சின்ன விஷயம் இல்லை. குடிகாரர்களுக்கு அது வற்றிப் போயிருக்கும், கவனிக்காவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அத்தைக்கு இருந்த கவலையோ வேறு, "பைத்தியக்கார வார்டுல போட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க". நாலு பேர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேர் ரகசியமாக வந்து தங்கள் மகனுக்கு எங்கே காட்டுவது என்று கேட்டார்கள். செலவைப் பார்த்தால் இதுதான் மலிவு: அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கிருந்து கடிதத்தோடு அரசாங்க நிபுணரிடம் போனால் 5 வெள்ளி.

ஆனால் ஆஸ்பத்திரி முடித்துக் கொடுப்பது முதல் வாரத்தைத்தான். வீட்டுக்கு வந்த பிறகு குடிக்கத் தோன்றும் அந்த அரிப்புக்கு மாத்திரைகள் இருக்கின்றன, மூன்றும் மூன்று விதம். டைசல்ஃபிராம் பயமுறுத்தும் வகை. எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் அரை டின் பியரில் தக்காளி மாதிரி சிவந்துபோவார், நெஞ்சு படபடக்கும் என்பார். கிழக்காசியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் சாராயத்தை முறிக்கும் ஒரு நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது, அந்த உடம்பே குடியை ஏற்காது. டைசல்ஃபிராம் அதே நொதியைத்தான் மாத்திரையால் முடக்குகிறது: குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு வரலாம், சாராயம் கலந்த இருமல் மருந்துகூட ஆகாது. அதனால்தான் அத்தை காட்டிய பொடி எனக்குப் பயம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, இந்த வகை மருந்தாக இருந்து, மாமா விவரம் தெரியாமல் மேலே நாலு பெக் ஏற்றியிருந்தால்?

நால்ட்ரெக்சோன் வேறு மாதிரி. அது தண்டிக்காது, குடியில் வரும் கிக்கைக் குறைக்கும், இடையில் தவறிக் குடித்தாலும் டைசல்ஃபிராம் மாதிரி எதிர்விளைவு வராது. கல்லீரலைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், மார்ஃபின் வகை வலி மருந்து எடுக்கிறவர்களுக்கு ஆகாது. அக்காம்ப்ரோசேட் கல்லீரல் கெட்டவர்களுக்கு வசதி, ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், தினம் மூன்று வேளை விழுங்க வேண்டும், மாமா மாதிரி ஆளுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. என் ஓட்டு நால்ட்ரெக்சோனுக்கு. இடையில் ஒரு சித்தப்பா, "மெத்தடோன் குடுப்பாங்களாமே, அதைக் கேளு" என்றார். அது ஹெராயின்காரர்களுக்கு, மலேசியாவில் 2005இலிருந்து கொடுக்கிறார்கள், குடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக என் கட்சி, ஏஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள், ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் அறுவை மருத்துவர், ஆரம்பித்தது. கட்டணம் இல்லை, நிறுத்த வேண்டும் என்ற ஆசை போதும். வெறும் பேச்சுதானே என்று நானும் நினைத்ததுண்டு, ஆனால் 2020இல் 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் அலசல், ஏஏவோடு சேர்த்துவிடும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற மனநலச் சிகிச்சைகளைவிட மேல் என்றது. மாமாவோடு நானும் போனேன். பேச்சு முழுக்க ஆங்கிலம், மாமா ஒரு மணி நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். இரண்டாம் வாரம் ஒரு கிழவர் தமிழில், "தம்பி, நான் குடிக்கக் கோயில் உண்டியல்லயே கை வெச்சவன்" என்றார். வெளியே வந்து மாமா அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மொழி தடையாக இருந்தால் இரண்டு மூன்று தரமாவது போய்ப் பாருங்கள். குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டமும் உண்டு, அத்தையை இன்னும் சம்மதிக்க வைக்க முடியவில்லை.

இப்போது ஏழு மாதம். நடுவில் ஒரு சாவு வீட்டில் ஒரு ராத்திரி தவறினார், மறுநாள் அவரே டாக்டரிடம் சொன்னார். இந்தத் தைப்பூசத்துக்கும் மாலை போடப் போகிறார்; டாக்டர் தடுக்கவில்லை, மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்றார். டப்பா இப்போது சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வைத்தது அம்மா.