ரீடிம்பா: காதைக் கீறாமல் செவிப்பறை ஓட்டைக்கு ஒரு வைத்தியம்

சின்ன வயதில் சீழ் வடிந்து செவிப்பறையில் விழுந்த ஓட்டையை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜப்பானில் வேலையில் இருந்தபோது நான் போட்டுக்கொண்டது ரீடிம்பா. நோபெல்ஃபார்மா கம்பெனி விற்பது, 2019இல் அங்கே அனுமதி கிடைத்தது, இன்ஷூரன்ஸிலும் வருகிறது. ஒசாகாவில் கிட்டானோ மருத்துவமனையின் டாக்டர் கனேமாருவும் அவர் குழுவும் வருஷக்கணக்காகச் செய்த ஆராய்ச்சிதான் இதற்கு அடிப்படை.

டியூபில் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி ஒரு பட்டையை ஒட்டிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே வைக்கும் ஜெலட்டின் பஞ்சு, செல்கள் பிடித்து ஏற இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். வளரச் சொல்லித் தூண்டுவது அதில் ஊறியிருக்கும் ட்ராஃபெர்மின் என்ற புரதம், ஆறாத தோல் புண்களுக்கு ஜப்பானில் 2001 முதலே ஸ்ப்ரேயாக விற்கும் அதே மருந்து. பழைய ஓட்டையின் ஓரத்தில் தோல் மூடி, உடம்பே அதை ஆறிய புண்ணாக எடுத்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் செவிப்பறையை மரத்துப்போக வைத்து, ஓரத்தைச் சுரண்டிப் புதுப் புண்ணாக்கி, அப்புறம்தான் பஞ்சை வைத்து மேலே ஃபைப்ரின் பசை (ரத்தம் உறைய உதவும் புரதத்தில் செய்த பசை) விடுகிறார்கள். சுரண்டும்போது வலியைவிட சத்தம்தான் பயமாக இருந்தது, காதுக்குள்ளேயே நடக்கிறது இல்லையா. படுக்கை கிடையாது, தையல் கிடையாது, அன்றைக்கே வீடு.

அதன்பின் சில வாரம் பொறுமை வேண்டும். காது அடைத்தே இருக்கும், லேசாக ஈரம் கசியும், தண்ணீர் படக் கூடாது, மூக்கை பலமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்த தாள் முழுக்க ஜப்பானிய மொழியில், அதுவும் மருத்துவ நடையில். நான் போன இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. இதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

பலன்? எனக்கு முதல் முறையில் ஓட்டை சிறுத்தது, மறுபடி வைத்தபோது மூடியது. நாலு முறை வரை வைக்கலாம். 2011இல் வந்த ஆய்வில் மருந்து வைத்த 53 பேரில் 52 பேருக்கு மூடியது, மருந்து இல்லாமல் வெறும் பஞ்சு வைத்த 10 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் அந்த 98 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆஹா ஓஹோ என்று குதிக்காதீர்கள். அனுமதிக்காக நடந்த பரிசோதனையில் 20 பேரில் 15 பேருக்கு மூடியது. அதுவும் நல்ல கணக்குதான், கத்தி படாமல் இவ்வளவு கிடைக்கிறதே. காதுப் பக்கம் கீறி, தசை மேலிருக்கும் சவ்வை எடுத்து ஒட்டும் வழக்கமான ஆபரேஷனையும் குறைவாகச் சொல்ல மாட்டேன், அது நம் ஊரிலேயே நன்றாகச் செய்கிறார்கள்.

அறை வாங்கியோ பட்ஸ் குத்தியோ நேற்றுதான் கிழிந்தது என்றால் இதற்கெல்லாம் அவசரப்படாதீர்கள், டாக்டரிடம் காட்டிவிட்டுக் காதை நனைக்காமல் வைத்திருந்தாலே பெரும்பாலும் தானாக மூடிவிடும். சீழ் வந்துகொண்டிருக்கும் காதுக்கு முதலில் சீழை நிறுத்த வேண்டும். காய்ந்த பழைய ஓட்டை, ஆபரேஷன் என்றாலே பயம், ஜப்பானில் இன்ஷூரன்ஸும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போய்க் கேளுங்கள், கூட ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு.